முற்றத்தில் மணக்கும் மல்லிகை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பூக்கடைகளில் தொங்கும் மல்லிகைச் சரங்களைக் கண்டு மகிழாதார் இலர். அந்த நறுமணத்தைத் தோட்ட மக்கள் தம் வீட்டு முற்றத்திலேயே பெறலாம்.

பந்தலில் படர ஏற்றது ரங்கூன் மல்லி. மாலையில் வெண்மையாக மலர்ந்து, பின்னர் சிவந்துவிடும். சரம் தொடுக்க விரும்புவோர், மலாய் மொழியில் ‘மெலூர்’ எனப்படும் குண்டுமல்லியை நடலாம். இது புதராக வளரும். முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி நட்டால் வேர்விடும். கனமழையில் வேர் அழுகாதிருக்க மணலும் மட்கிய சாணமும் கலந்து, மேடு கட்டி நடுக.

செடி செழித்தும் பூக்கவில்லை என்பது பலரின் குறை. அதற்குப் பெரும்பாலும் நிழலே காரணம். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்; ரப்பர் மர நிழல் ஆகாது. தழைச்சத்து உரம் மிகுந்தாலும் இலையே பெருகும். மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பும். ஆதலால், பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடல் வேண்டும். வெட்ட மனம் வராதோர் இலையையே காண்பர்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கலாகாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கு பெருகும்.

பால்வெட்டு முடிந்து திரும்பியபின் விரியாத அரும்புகளைப் பறித்துத் தொடுத்தால், அந்தியில் அவை விரிந்து வீடெங்கும் மணம் பரப்பும்.