பாட்டு ஏன் பிசிறடிக்கிறது?

மரக்காணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உப்பளத்தில் வேலை நடக்கும்போது கேட்பதற்காக மெமரி கார்டில் பாட்டு ஏற்றி வைத்திருக்கிறாராம். தவிலும் நாகஸ்வரமும் உச்சத்தில் சேரும் இடங்களில் கரகரவென்று பிசிறடிக்கிறது, சத்தத்தைக் குறைத்தாலும் போகவில்லை, ஸ்பீக்கர் போய்விட்டதா என்று கேட்கிறார்.

ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் பாட்டைப் பாருங்கள். சிடி தரத்தில் ஒலியலையின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அது மைனஸ் 32,768-க்கும் 32,767-க்கும் இடையில்தான் இருக்க முடியும். அதைத் தாண்டும் அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். கேசட்டில் அளவு மீறினால் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். இங்கே ஒரே வெட்டு.

சிடியில் வரம்புக்குள் இருந்த பாட்டுகூட, எம்பி3 ஆகச் சுருங்கி, பிளேயரில் மறுபடி ஒலியலையாகப் பிரியும்போது வரம்பைத் தாண்டக்கூடும் என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. சுருக்கும்போது காதுக்கு எட்டாத அதிர்வுகளைக் கழித்து, மிச்சத்தைத் தோராயமாக்குகிறார்கள். கழிந்தவற்றில் சில, வேறோர் அலையின் முகட்டை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தவை. அவை போனதும் முகடு எழும்பிவிடுகிறது. உப்புப் பாத்தியில் வரப்பு விளிம்புவரை தண்ணீர் கட்டினால் சின்னக் காற்றுக்கே வழிந்துவிடும் அல்லவா? இன்றைய பாட்டுகள் பலவும் அப்படி விளிம்புவரை நிரப்பியே வெளிவருகின்றன.

வெட்டு விழுவது பாட்டைப் பிரிக்கும் கட்டத்தில். வால்யூம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதனால்தான் அதைக் குறைத்துப் பயனில்லை.

மருந்து கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எம்பி3 சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் 'குளோபல் கெயின்' என்ற 8 பிட் எண் உண்டு. அதில் ஒன்றைக் குறைத்தால் ஒலி 1.5 டெசிபல் இறங்கும். எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் இந்த எண்ணை மட்டும் மாற்றுகிறது. மறுபடி சுருக்குவதில்லை, தரம் கெடுவதில்லை, வேண்டுமானால் பழைய நிலைக்கே கொண்டுவரலாம். இன்னொரு வழியும் உண்டு: 2001-இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெயின் என்ற முறை கோப்பின் ஒலியைத் தொடுவதே இல்லை. எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர், வெட்டு விழுமுன் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் சுருக்குவதற்கு முன்பே சீவப்பட்ட பாட்டுக்கு இது உதவாது. சத்தம் தூக்கலாக இருக்கட்டும் என்று கூட்டி, மறுபடி சுருக்கி ஏற்றிக் கொடுப்பவர்கள் ஒரு நாகஸ்வரக்காரரின் மூச்சையே அழிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாசகருக்கு: முதலில் இரண்டு படி, அதாவது 3 டெசிபல், இறக்கிக் கேளுங்கள். பிசிறு அப்படியே இருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறு பிரதி தேடுங்கள். அதிலும் பிசிறடித்தால் மட்டும் ஸ்பீக்கரைப் பாருங்கள்.