காணாமற் போனவர் யார்?

ஒரு மனிதன் நம் கண்ணுக்குத் தென்படாமற் போய்விட்டால், அவனைத் தேடுவதைக் காட்டிலும் அவனைப் பற்றிக் கதை கட்டுவது சுலபமான காரியம். தேடுவதற்குக் கால் வேண்டும். விசாரித்துக் கடிதம் எழுதக் கை வேண்டும். பதில் வரும் வரையில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். கதைக்கோ நாக்கு ஒன்றே போதும். ஜன சமூகத்தின் இந்தச் சுபாவத்துக்கு உதாரணமாக, ஐரோப்பாவில் சுமார் ஐம்பது வருஷ காலம் உயிரோடிருந்த ஒரு கதையை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஓட்டப் பந்தயத்தைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். முழுதும் படித்த பின், இது வெறும் விளையாட்டு விஷயம் அன்று என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

1912-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி, ஸ்வீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. விளையாட்டரங்கிலிருந்து புறப்பட்டு, நகரத்துக்கு வடக்கே ஸொல்லெண்டூனா என்னும் ஊரிலுள்ள கிறிஸ்தவ ஆலயம் வரையில் ஓடி, வந்த வழியே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 25 மைல். குளிருக்குப் பேர்போன அத்தேசத்தில் அன்றைக்கென்று கொடிய வெயில். உஷ்ணம் 30 டிகிரியைத் தாண்டிவிட்டது. புறப்பட்டவர்கள் 68 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே ஓடி முடித்தனர். தென் ஆப்பிரிக்காவின் சார்பில் ஓடிய மக்கார்தர் முதல்வராக வந்தார். வெயிலால் தளர்ந்து நடுவழியில் நின்றவர்கள் பலர். அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர் மட்டும் பந்தய அதிகாரிகளிடம் யாதொன்றும் தெரிவிக்காமலே போய்விட்டார். அவர் பெயர் ஷிஸோ கனகுரி, ஜப்பான் தேசத்தவர், வயது 20.

பந்தய வழியிலே மறைந்துபோன ஜப்பானியர் என்ற கதை அன்றே முளைவிட்டது. பதிவேட்டில் புறப்பட்டதற்கு அடையாளம் உண்டு. முடித்ததற்கும் இல்லை, விலகியதற்கும் இல்லை. ஒரு பதிவேட்டில் ஒரு வரி காலியாக இருந்தால், அதை நிரப்ப ஊரார் எல்லோரும் பேனாவை எடுத்துக்கொள்கிறார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல, அந்த ஓட்டக்காரர் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறார் என்ற வேடிக்கைப் பேச்சும் அத்தேசத்தில் வழங்கலாயிற்று.

உண்மையில் நடந்தது என்ன? இதைப் பற்றி இரண்டு விதமான கூற்றுக்கள் உண்டு. வெயிலின் கொடுமையால் மயங்கி விழுந்த அவரை ஒரு குடியானவர் குடும்பத்தார் எடுத்துப் பராமரித்தார்கள் என்பது ஒன்று. ஒரு வீட்டுத் தோட்டத்தில் விருந்து நடந்துகொண்டிருக்கக் கண்டு, தாகம் தாளாமல் உள்ளே சென்ற அவருக்கு அவ்வீட்டார் பழரசம் கொடுத்து உபசரித்தார்கள் என்பது மற்றொன்று. சாட்சிகளின் வாக்குமூலங்கள் சில்லறை விவரங்களில் வேறுபடுவது நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்குப் புதிதன்று. எந்த அம்சத்தில் அவை ஒத்திருக்கின்றன என்பதையே பார்க்க வேண்டும். வெயிலால் அவர் தளர்ந்தார். முன்பின் அறியாத ஒரு குடும்பத்தார் அவருக்கு உதவினார்கள். அதன்பின் அவர் அதிகாரிகளிடம் சொல்லாமலே நகரத்துக்குத் திரும்பித் தம் தேசம் போய்ச் சேர்ந்தார். இம்மூன்றிலும் கருத்து வேற்றுமை இல்லை. மர்மம் என்று சொல்லத்தக்கது இதில் யாதொன்றுமில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதற்கு அவருக்கு என்ன தடை? இதற்கு விடை காண, அந்த வாலிபரின் தோள்மீது ஏற்றப்பட்டிருந்த சுமையை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பான் ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டது அந்த வருஷத்தில்தான் முதல் தடவை. ஜூடோ வித்தையை வகுத்தளித்த ஜிகோரோ கானோ, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் ஆசியாக் கண்டத்திலிருந்து இடம் பெற்ற முதல் அங்கத்தினர். அவருடைய முயற்சியால் அனுப்பப்பட்ட பந்தய வீரர்கள் இரண்டே பேர்: குறுகிய தூர ஓட்டத்துக்கு யாஹிகோ மிஷிமா, மாரத்தானுக்குக் கனகுரி. துவக்க விழா அணிவகுப்பில் ஒருவர் கொடி பிடித்தார். மற்றவர் தேசத்தின் பெயர்ப் பலகையைப் பிடித்தார். வேறு யார் இருந்தார்கள், பிடிப்பதற்கு? அதற்கு முந்திய வருஷம் நடந்த பரீக்ஷை ஓட்டத்தில் கனகுரி வெகு விரைவாக ஓடி முடித்திருந்தமையால், அவர் வெற்றியோடு திரும்புவார் என்ற எதிர்பார்ப்பு தேசத்தில் பரவியிருந்தது. அவருடைய பிரயாணச் செலவுக்காகப் பள்ளித் தோழர்கள் நன்கொடை திரட்டினார்கள். கடலைக் கடந்து, ஸைபீரியா ரயிலில் பல நாள் அடைபட்டுக் கிடந்து, இரவிலும் வெளிச்சம் மங்காத வடதேசத்துக் கோடையில் தூக்கமின்றித் தவித்து, தபி என்னும் துணிப் பாதரக்ஷையை அணிந்து அவர் ஓடினார். ஓடியது ஒரு மாணாக்கர். ஆனால் அவர் காலில் கட்டியிருந்தது ஒரு தேசத்தின் கௌரவம்.

அந்தச் சுமையோடு விழுந்தவருக்கு, "என்னால் முடியவில்லை" என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்வதற்கு நா எழவில்லை. மறுநாள் அவர் தமது நாட்குறிப்பில் இந்தத் தோல்வி ஆயுள் உள்ளளவும் மாறாத வெட்கம் என்றும், ஆயினும் தோல்வியே வெற்றிக்கு அடிப்படையாகும் என்றும் கருத்துப்பட எழுதி வைத்தார். தம்மோடு பேசுகையில் அவர் எதையும் மறைக்கவில்லை. அந்நியரிடம் பேசத்தான் கூசினார்.

அதே ஓட்டத்தில் ஓடிய மற்றொரு வாலிபரை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. பிரான்ஸிஸ்கோ லாஸரோ என்பவர் போர்த்துகல் தேசத்தவர், தச்சுத் தொழிலாளி. 1910-ல் முடியாட்சியை நீக்கிக் குடியரசான அத்தேசமும் அந்த வருஷத்தில்தான் முதன் முதலாக ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்தது. தம் தேசத்துக் கொடியை ஏந்தி வந்தவர் அவரே. வெயில் சுடாதிருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார் என்றும், அதனால் வியர்வை தடைப்பட்டது என்றும் கூறுகிறார்கள். வழியில் விழுந்தவர் மறுநாள் காலையில் உயிர் நீத்தார். நவீன ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்து மாண்ட முதல் மனிதர் அவர்.

கனகுரி எந்த ஆபத்தினின்றும் தப்பினார் என்பது லாஸரோவின் கதியால் விளங்குகிறது. தோட்டத்திலே நின்று தண்ணீர் கேட்டது கோழைத்தனம் அன்று. அது உயிரைக் காத்த விவேகம். ஆயினும், உயிரைக் கொடுத்தவரைப் பற்றி உலகம் பேசியது கொஞ்சம். சொல்லாமற் போனவரைப் பற்றிப் பேசியது மிக அதிகம். இறந்தவரின் கதையில் முடிவு தெரிந்துவிட்டது. ஆகவே ஊகத்துக்கு அங்கே வேலை இல்லை. வம்புக்கு வேண்டியது மனிதன் அல்ல, மர்மமே.

சட்டத்தில் ஒரு விதி உண்டு. 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் வகுக்கப்பட்ட அவ்விதி, அதற்குப் பதிலாக இன்று வழங்கும் சட்டத்திலும் இடம் பெற்றிருக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் யாதொரு தகவலும் இல்லையானால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை ருஜுப்படுத்த வேண்டும் என்பது அது. ஆனால் யாருக்குத் தகவல் இல்லாமலிருக்க வேண்டும்? கடைத்தெருவில் நிற்பவருக்கா? அல்ல. அவர் உயிரோடிருந்தால் இயல்பாகவே அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்களுக்கு. சட்டம் எழுதியவர்கள் மனித சுபாவத்தை அறிந்தவர்கள். "எனக்குத் தெரியாது" என்பதும் "யாருக்கும் தெரியாது" என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த வாசகத்திலே பொதிந்து வைத்தார்கள்.

இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், கனகுரி ஒரு நாளும் காணாமற் போகவே இல்லை. அவருடைய தாய்நாட்டார் அவரை அறிவர், பள்ளி அறியும், ஓட்டக்காரர் அனைவரும் அறிவர். 1916-ல் பெர்லினில் நடக்கவிருந்த பந்தயம் யுத்தத்தால் நின்றுபோயிற்று. 1920-ல் பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் தம் சொந்தப் பெயரிலேயே ஓடிப் 16-வது இடம் பெற்றார். 1924-ல் பாரிஸிலும் ஓடினார், முடிக்கவில்லை. டோக்கியோவிலிருந்து ஹகோனே மலை வரை சென்று திரும்பும் மாணவர் தொடரோட்டத்தை 1920-ல் துவக்கி வைப்பதில் முன்னின்றவரும் அவரே. அப்பந்தயம் இன்றும் ஒவ்வொரு புத்தாண்டின்போதும் நடைபெறுகிறது. ஜப்பான் முழுவதும் அதைக் கண்டு களிக்கிறது. ஆசிரியராயிருந்து பெண்களின் தேகப் பயிற்சிக்கும் பாடுபட்டார். இவ்வளவும் ஊரறிய நடந்த காரியங்கள். ஒலிம்பிக் பந்தயங்களின் முடிவுகளைப் புரட்டிப் பார்த்தவர் எவரும் அவரைக் கண்டுபிடித்திருக்கலாம். புரட்டுவார் இல்லை, பேசுவாரே இருந்தார்கள்.

ஆண்ட்வெர்ப் நகரத்து ஓட்டத்தில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. ஸர் டோராப்ஜி டாடாவின் முயற்சியால் அந்த வருஷம் நம் தேசத்திலிருந்தும் ஒரு சிறு கோஷ்டி சென்றது. ஆட்சியாளரின் கொடியின் கீழ்தான் செல்ல வேண்டியிருந்தது. அக்கோஷ்டியிலிருந்த பெல்காம் நகரத்து பதேப்பா சௌகுலே அதே மாரத்தானை ஓடி முடித்து 19-வது இடம் பெற்றார். ஸ்வீடனில் மறைந்துபோனதாகச் சொல்லப்பட்டவருக்கு மூன்றே இடம் பின்னால் நம் தேசத்தவர் ஒருவர் வந்து சேர்ந்தார். நேயர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பாதியில் நின்றவர் உலகப் பிரசித்தி பெற்றார். அந்நிய நாட்டில், அடிமை நாட்டினராக நின்று, முழுத் தூரத்தையும் ஓடி முடித்த நம்மவரை நாம் மறந்தோம். அவர் எங்கும் மறைந்து போகவில்லை. நாம்தான் அவரைப் பார்க்கவில்லை. உண்மையிலேயே காணாமற் போனவர் யார் என்று கேட்டால், என்ன பதில் சொல்வோம்?

கதையின் முடிவை நேயர்கள் அறிய விரும்புவார்கள். 1912-ம் வருஷத்துப் பந்தயத்தின் ஐம்பத்தைந்தாவது ஆண்டு நினைவையொட்டி, 1967 மார்ச் மாதத்தில் ஸ்வீடன் தேசத்தார் கனகுரியை அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 75. அதே விளையாட்டரங்கில் முதியவர் மெள்ள ஓடி முடிவுக் கோட்டைக் கடந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20 விநாடிக்குச் சற்று மேல் என்று அறிவிக்கப்பட்டது. நெடும் பிரயாணம் என்றும், வழியில் தமக்கு விவாகமாகி ஆறு குழந்தைகளும் பத்துப் பேரக் குழந்தைகளும் வாய்த்ததாகவும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். வெட்கமென்று எழுதி வைத்த அதே விஷயத்தை வேடிக்கையாகச் சொல்ல அவருக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1983-ல் தமது 92-வது வயதில் அவர் காலமானார்.

வதந்தியை நம்பலாகாது என்ற பழைய உபதேசத்தை மட்டும் திரும்பச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. தேசத்தொண்டில் ஈடுபட்டவர்களுக்கு இதில் நெருங்கிய பாடம் ஒன்று இருக்கிறது. நாமும் நம் வாலிபர்களைத் தேசத்தின் பெயரால் அனுப்புகிறோம்: விளையாட்டுக்கு, படிப்புக்கு, தேர்தலுக்கு, போராட்டத்துக்கு. மாலை போட்டு வழியனுப்புகையில், வெற்றியோடு வா என்று சொல்கிறோம். தோற்றாலும் எங்களிடமே வா என்று சொல்ல மறந்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையைக் கேளாத வாலிபன், விழுந்த இடத்திலிருந்து நம்மிடம் வராமல், நம் கண்ணில் படாத சந்து வழியாகப் போய்விடுகிறான். பிறகு அவனைப் பற்றி ஊகங்கள் கிளம்புகின்றன: பணம் வாங்கிவிட்டான், பயந்துவிட்டான், எதிரியோடு சேர்ந்துவிட்டான். அவற்றை முதலில் சொல்பவர்களும் மாலை போட்ட கைகளுக்குச் சொந்தக்காரர்களாகவே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு வதந்தி தேசத்தைச் சுற்றி வர வருஷக் கணக்காயிற்று. இன்று ஒரு காப்பி ஆறுவதற்குள் சுற்றி வந்துவிடுகிறது.

ஆகையால், நம்மோடு ஓடி வந்த ஒருவரைத் திடீரென்று காணவில்லையானால், அவரைப் பற்றி நாலு பேரிடம் பேசுமுன் அவர் வீட்டுக் கதவை ஒரு முறை தட்டிப் பார்ப்போம். உள்ளே ஒரு துரோகியைக் காண்போமா, தாகத்தால் தளர்ந்த ஒரு மனிதரைக் காண்போமா என்பது தட்டிய பின்னரே தெரியும். பெயரும் தெரியாத ஓர் அந்நியனுக்கு, விசாரணை ஏதுமின்றி, அந்த ஸ்வீடன் குடும்பத்தார் முதலில் கொடுத்தது குடிக்க ஒரு பானம். அதைவிடக் குறைவாக நம் தோழர்களுக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.