வடநாட்டு வைகாசியும் நம் பந்தலும்

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து வேரூன்றிவிட்ட பின்னரும், சுப காரியங்களுக்கு நாள் பார்க்கும்பொழுது நாம் ஊர் வழக்கத்தைக் கைவிடுவதில்லை. சித்திரை பிறந்ததும் திருமணப் பேச்சு நடைபெறுகிறது. வைகாசியிலே பந்தற்கால் ஊன்றப்படுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து தாத்தா பாட்டிமார் வந்து போகவும் அதுவே வசதியான காலம். ஆனால் தில்லியின் வைகாசி, தஞ்சையின் வைகாசி அன்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் தலைநகரின் சப்தர்ஜங் நிலையத்தில் பதிவான வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ். அத்தகைய நாளொன்றில் முகூர்த்தம் அமைந்து, முந்நூறு பேரைத் துணிப்பந்தலின் கீழ் அமர்த்த நேர்ந்தால் என் செய்வது? குளிர்சாதன மண்டபம் எல்லோருக்கும் கட்டுபடியாவதில்லை. கோயில் விழாவின் அன்னதானத்துக்கும், குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கும் பந்தலே கதி. ஆகவே, கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு பந்தலைக் குளிர்விக்கும் முறைகள் சிலவற்றை இங்கு ஆராய்வோம்.

முதலில் ஒரு வேற்றுமையை உணர வேண்டும். சென்னையின் வெயில் நம்மை நனைக்கிறது. தில்லியின் வெயில் நம்மை உலர்த்துகிறது. கடற்கரை நகரில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிந்தோடுமேயன்றி எளிதில் ஆவியாகாது. தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், நாகபுரி முதலிய உள்நாட்டு நகரங்களிலோ, மே மாதத்து நண்பகற் காற்று வறண்டது. மேற்கிலிருந்து வீசும் இக்காற்றை இந்தியில் 'லூ' என்பர். நாம் அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் சுற்றறிக்கைகளில் 'அனற்காற்று' என்று எழுதி நிறைவு கொள்கிறோம். அந்த ஓரெழுத்துச் சொல்லின் கடுமை அதில் வந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. இக்காற்றில் வியர்வை தோன்றிய கணமே மறைகிறது. ஊரிலிருந்து வந்த பெரியவர், "இங்கே வெயில் இருக்கிறதே தவிர, வியர்க்கவே இல்லையே!" என்று மகிழ்ந்து, தண்ணீர் கேளாமல் அமர்ந்திருப்பார். உண்மையில் அவர் உடல் மணிக்கு மணி நீரை இழந்துகொண்டிருக்கிறது. அபாயம் அங்கேதான் பிறக்கிறது.

எனினும், தீங்கு செய்யும் அதே வறட்சியை நமக்கு ஏவல் செய்யவும் வைக்கலாம். நீர் ஆவியாகும்பொழுது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் முற்றிலும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் சிறிதளவு நீர், உள்ளே எஞ்சிய நீரின் சூட்டைக் கொண்டு போகிறது. பந்தலையே ஒரு பெரிய பானையாக ஆக்கிவிட்டால் என்ன? வடநாட்டார் நெடுங்காலமாகச் செய்து வந்தது அதுவே.

அவர்கள் இதற்குப் பயன்படுத்திய பொருள் நம் வெட்டிவேர். இதனை இந்தியில் 'கஸ்' என்பர். (கடையில் 'கஸ்கஸ்' என்று கேட்டுவிட்டால் கசகசாவைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள்; இல்லத்தரசிகள் கவனிக்க.) ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இவ்வேருக்கு வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே. அக்பர் காலத்து நடைமுறைகளைத் தொகுத்த 'அயினி அக்பரி', மூங்கிற் சட்டங்களில் இவ்வேரை வேய்ந்து நீர் தெளித்து அறையைக் குளிர்வித்த முறையைக் குறிப்பிடுகிறது. மின்விசிறி வருவதற்கு முன், தில்லியின் வசதி படைத்த இல்லங்களில் கதவுகளிலும் சாளரங்களிலும் கஸ் தட்டி தொங்கிற்று. இன்று கூரைமேல் இரைச்சலிடும் 'கூலர்' என்னும் தகரப் பெட்டியும் அதன் வழித்தோன்றலேயாகும்.

பந்தலுக்குத் தட்டி அமைக்கும் முறை கடினமன்று. மூங்கிற் சட்டம் ஒன்றை ஆளுயரத்துக்குக் கட்டி, அதில் வெட்டிவேரை விரல் பருமனில் பரப்பிக் கயிற்றால் வரிய வேண்டும். வெட்டிவேர் விலை கூடுதலாயின், பழைய சணற் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கட்டினாலும் போதும். முதல் நாள் நன்கு ஊறவைத்து அலசினால் சாக்கின் நாற்றம் பெரும்பாலும் நீங்கும். சட்டத்தின் மேல்விளிம்பில், அடிப்புறம் ஊசித் துளையிட்ட குழாயொன்றைப் படுக்க வைத்து, உயரத்தில் உள்ள வாளியிலிருந்து நீர் சொட்டச் செய்யலாம். கீழே வழியும் நீரை மற்றொரு வாளியில் ஏந்தி மீண்டும் மேலே ஊற்றிக்கொள்ளலாம். நீர் தட்டுப்பாடு மிகுந்த நகரங்களில் இச்சிக்கனம் இன்றியமையாதது.

தட்டி எப்பக்கம் நிற்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நான்கு புறமும் ஈரத்தட்டி கட்டினால் நான்கு மடங்கு குளிரும் என்று எண்ணுவது பேதைமை. காற்று வரும் திசையில், அதாவது பெரும்பாலும் மேற்கிலும் வடமேற்கிலும், தட்டி நிற்க வேண்டும். எதிர்ப்புறம் திறந்திருக்க வேண்டும். ஈரத்தினூடே நுழைந்து குளிர்ந்த காற்று, அமர்ந்திருப்போரைத் தழுவி, ஈரமும் சூடும் ஏறி வெளியேறினால்தான் அடுத்த காற்று உள்ளே வரும். போக வழியில்லையேல் சற்று நேரத்தில் பந்தல் இட்லிக் கொப்பரையாகிவிடும்.

மேற்கூரையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்க் கீற்றுப் பந்தலின் அருமை, அதை விட்டு வந்த பின்னரே தெரிகிறது. தென்னங்கீற்று வெயிலை மறைக்கிறது. ஓலைகளுக்கிடையே காற்று தங்கிச் சூட்டைத் தடுக்கிறது. கீழே எழும் வெப்பக் காற்று இடுக்குகள் வழியே மேலேறிப் போகிறது. வடக்கே வாடகைக்குக் கிடைக்கும் ஷாமியானாவோ ஒற்றைத் துணி. வெயிலிற் காய்ந்த அத்துணி, தானே ஓர் அடுப்பாகி நம் தலைமீது அனல் வீசுகிறது. பரிகாரம் எளிது: இரட்டைத் துணி கட்டச் சொல்லுங்கள். மேலே வெள்ளைத் துணி, அதற்கு ஒரு முழம் கீழே மற்றொன்று. இடையில் காற்று உலவ இருபக்கமும் வாய் திறந்திருக்க வேண்டும். மேல்துணி எவ்வளவு சுட்டாலும் கீழ்த்துணி அவ்வளவு சுடாது. கூரை உயரமாக இருப்பதும், நடுமுகட்டில் வெப்பம் வெளியேற இடைவெளி இருப்பதும் நன்று. நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாக்குவது மழைக்கு உதவலாம், வெயிலுக்கு ஆகாது.

இந்த ஈர முறை எந்நாளும் எவ்விடத்தும் பலிக்குமா? பலிக்காது. அதைக் கண்டறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாதாரண வெப்பமானிகள் இரண்டை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி விசிறுங்கள். உலர்ந்ததற்கும் ஈரமானதற்கும் உள்ள வேறுபாடே நமக்குக் கிட்டக்கூடிய குளிர்ச்சியின் எல்லை. காற்று 42 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 விழுக்காடாகவும் உள்ள மே மாதப் பிற்பகலில், ஈர வெப்பமானி ஏறத்தாழ 23 அல்லது 24 காட்டும். நல்ல தட்டி அந்த எல்லையை முற்றிலும் எட்டாவிடினும், காற்றைப் பத்து டிகிரிக்கு மேல் தணித்துவிடும். காற்று 35 டிகிரியும் ஈரப்பதம் 70 விழுக்காடும் ஆகிவிட்டால் ஈர வெப்பமானி 30இலேயே நின்றுவிடும். அப்பொழுது தட்டியை நனைத்தால், கிடைக்கும் சிறு குளிர்ச்சியைவிடக் கூடும் புழுக்கமே மிகுதி.

எனவே ஜூன் இறுதியில் பருவமழை நெருங்கியதும் தில்லியில் தட்டியை அவிழ்த்துவிட வேண்டியதே. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் கோடை முழுவதுமே இம்முறையை நாடாதிருப்பது நலம். அவர்களுக்குத் துணை உயர்ந்த கூரையும், நாற்புறமும் திறந்த பந்தலும், விசிறியும், பனையோலை விசிறியுமே.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிக்காற்று 40 டிகிரிக்கு மேற்போனால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தட்டி வழியே வந்த காற்றை விசிறி பரப்பினால் நன்மை. வெறும் அனற்காற்றை முகத்தில் அறையச் செய்வதால் தீமையே. சிலர் விசிறியின் முன் பனிக்கட்டிப் பாளத்தை வைக்கிறார்கள். பார்வைக்கு இதமான காட்சிதான். கணக்குப் போட்டால் வேறு கதை. பத்துக் கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 800 கிலோ கலோரி போதும். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ நூறு வாட் விளக்களவு வெப்பத்தை வெளியிடுகிறார். ஐம்பது பேரின் உடற்சூட்டுக்கு மட்டுமே அப்பாளம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஈடுகொடுக்கும். அதே பத்து லிட்டர் நீரைத் தட்டியில் ஆவியாக்கினால் ஏழு மடங்கு வெப்பம் நீங்குகிறது. பனிக்கட்டியைப் பானகத்துக்கு வைத்துக்கொள்க.

இனி, அபாயங்கள். ஈரமும் மின்சாரமும் ஒரே பந்தலில் இருத்தல் ஆபத்து. விசிறி, கூலர் ஆகியவற்றுக்கு நிலத்தொடர்புக் கம்பியும், கசிவு கண்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லையெனில் மின்பணியாளரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தட்டிகள் வெளியேறும் வழியை அடைக்கலாகா. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அரியானாவின் டப்வாலியில் செயற்கை இழைப் பந்தலில் மூண்ட தீ நானூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். ஆகவே பந்தற்காரரிடம் பருத்தித் துணி கேளுங்கள். ஓமகுண்டத்தையும் அடுப்பையும் துணியிலிருந்து விலக்கி வையுங்கள். இரண்டு வழிகளேனும் திறந்திருக்கட்டும். விழா முடிந்ததும் வாளிகளைக் கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தேங்கிய நன்னீரே தொட்டில்.

தண்ணீர் தருவதில் நம் மரபு பழையது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்த வரலாறு நாம் அறிந்ததே. வடக்கே சீக்கிய அன்பர்கள், குரு அர்ஜன் தேவரின் தியாகத்தை நினைந்து, கோடையின் உச்சத்தில் சாலையோரம் நின்று குளிர்ந்த இனிப்பு நீர் வழங்குகிறார்கள். நம் பந்தலிலோ தண்ணீர்ப் பானை பெரும்பாலும் சமையற்கட்டின் அருகே ஒதுங்கியிருக்கும். முதியவர்கள் எழுந்து சென்று கேட்கமாட்டார்கள். பானையை அவர்கள் வரிசைக்கே கொண்டு வந்து, ஈரத்துணி சுற்றி மணல்மேல் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை மோரோ நீரோ கையில் கொடுக்க இளைஞர் ஒருவரை அமர்த்துங்கள். களைத்தவர்க்கு, ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம்.

யாரேனும் பேச்சுத் தடுமாறினால், குழம்பினால், மயங்கினால், உடல் கொதித்தால் அது வெறும் களைப்பன்று, வெப்பத்தாக்கு. வியர்வை இருந்தாலும் ஏமாறக் கூடாது. உடனே 112ஐ அழைத்துவிட்டு, அவரை நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் புகட்டலாகாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. வண்டி வந்து சேரும்வரை நீர் ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.