சிறார்க்கு முதலுதவிப் பயிற்சி

கனம் கிருஷ்ணையரின் சங்கீதத்தைப் போற்றிய சமஸ்தானமென்று உடையார்பாளையத்தை அறிந்தோர் பலர். அப்பக்கத்து முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் சிறுவரை அறிந்தோர் சிலரே. தோப்பிலோ ஏரிக்கரையிலோ ஒரு சிறுவனுக்குத் தீங்கு நேருங்கால் அருகே நிற்பவன் மருத்துவனல்லன். அவனையொத்த மற்றொரு சிறுவனே. ஆதலின் முதலுதவிக் கல்வியைச் சிறாரிடத்தே தொடங்கல் வேண்டுமென்போம்.

முந்திரிக் கொட்டையைச் சுடுங்கால் ஓட்டின் எண்ணெய் தெறித்துத் தோலைப் புண்ணாக்கும். சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுதலே தக்கது. மையும் பற்பசையும் பூசுவது வழக்கமாயினும் நன்மை தருவதன்று.

பாம்புக்கடியே பெரிதும் சிந்திக்கற்பாலது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் இதனால் மாண்டனரென்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அவருள் கால்பங்கிற்கு மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாதவர். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் நம் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. விரியன் கடித்த காலை இறுகக் கட்டினால் தசை அழுகிக் காலையே இழக்க நேரிடும். செய்யத்தக்கது எளிது: எலும்பு முறிந்தாற்போல் அவ்வுறுப்பை அசையாமற் கட்டையோடு சேர்த்துத் தளரக் கட்டி, நடக்க விடாது, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அம்மருந்திற்குரிய விஷத்தை 1978-இல் வடநெம்மேலியில் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரே பெரும்பகுதி சேகரித்துத் தருகின்றனர் என்பதையும் மாணவர் அறிதல் நன்று.

கட்டு விரியனின் இயல்பு வேறு. இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் தழும்பும் பெரும்பாலும் இரா. விடியலில் வயிற்றுவலி என்பான். பின் இமைகள் தாமே சாயும். தூக்கக் கலக்கமென்று பெற்றோர் எண்ணக்கூடும். இக்குறியைப் பள்ளியிற் கற்ற தங்கை ஒருத்தி வீட்டிலிருப்பின், 108-ஐ அழைக்க அவளே முந்துவாள்.

அரைகுறைக் கல்வி ஆபத்தன்றோவென ஆசிரியர் சிலர் ஐயுறுவர். ஐயம் தகுதியுடையதே. எனினும் முதலுதவியிற் பாதி, செய்யக்கூடாதவற்றைச் செய்யாதிருத்தல். அதற்கு அரைகுறை என்பதில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவனால் வயதுவந்தோர் மார்பை வேண்டிய ஆழம் அழுத்த இயலாது. உதவிக்கு ஆளழைக்கவும், மயங்கியும் மூச்சுள்ளவனை ஒருக்களித்துக் கிடத்தவும் இயலும். பன்னிரண்டு வயது முதல் ஆண்டுதோறும் இரண்டு மணி நேரம் மார்பழுத்தப் பயிற்சி தரும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரித்தது. நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தல் வேண்டும். தாளம் அறிந்த சிறார் இதனை விரைவிற் பிடித்துக்கொள்வர்.

நமது மாணவர் கிராம முகாமிற்குச் செல்லுங்கால் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம். பொம்மை உருவம் இல்லையெனில் கெட்டியான தலையணை போதும். கட்டுப்போடத் தோளிற் கிடக்கும் துண்டும் ஒரு மூங்கிற் கழியும் போதும்.