அப்பன் வீடு என்று ஒரு தேசம்!

தூண் ஒன்றுக்கு என்ன விலை போகும் என்று பேசி முடிக்கத்தான் போன மாதம் காரைக்குடிக்குப் போனேன்.

எங்கள் பூர்வீக வீடு. கொள்ளுத் தாத்தா பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது. இன்றைக்குப் பதினொரு பங்காளிகள். சென்னையில் ஃபைல் தள்ளும் எனக்குக் கணக்குப்படி ஒன்றரைத் தூண் வரும். (அரைத் தூணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதனால்தான் விற்கிறோம்!)

வளவில் ஜமக்காளம் விரித்துப் பேச்சு சூடாகிக்கொண்டிருந்தது. ஓரமாக, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் குரல் கொடுத்தான்.

"சித்தப்பா, அப்பர் வோல்ட்டாவோட இப்போதைய பேர் என்ன?"

விலை பேசுவதில் இருந்து தப்பிக்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"புர்கினா ஃபாசோ. மேற்கு ஆப்பிரிக்கா. தலைநகர் வாகாடூகூ."

வோல்ட்டா என்பது ஒரு நதி. அது கடலில் போய்ச் சேருவது பக்கத்து நாடான கானாவில். நதியின் மேல்பகுதி இவர்கள் பக்கம் இருந்ததால், ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 'மேல் வோல்ட்டா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கே 'மாடிப் போர்ஷன்' என்று பெயர் வைத்த மாதிரி! 1960-ல் சுதந்திரம் வந்த பிறகும் அதே பெயர்தான்.

1983-ல் தாமஸ் சங்கரா என்ற ராணுவ கேப்டன் ஆட்சியைப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 33. அரசாங்கத்தின் பென்ஸ் கார்களை விற்றுவிட்டு, 'இனி மந்திரிகளுக்குச் சின்ன ரெனோ கார்தான்' என்றவர். ஆட்சிக்கு வந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, 1984 ஆகஸ்ட் 4-ல், நாட்டின் பெயரையே மாற்றினார்.

அதில்தான் சுவாரஸ்யம். அங்கே பல இனங்கள், பல மொழிகள். எந்த மொழியில் பெயர் வைத்தாலும் மற்றவன் முறைப்பான். சங்கரா என்ன செய்தார் தெரியுமா? மோரே மொழியிலிருந்து 'புர்கினா'வை எடுத்தார். நேர்மையானவர்கள், தலை நிமிர்ந்தவர்கள் என்று அர்த்தம். ஜூலா மொழியிலிருந்து 'ஃபாசோ'வை எடுத்தார். தாய்நாடு என்று நாம் சொல்வதை அவர்கள் தந்தை நாடு என்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் 'ஃபா' என்றால் அப்பா, 'சோ' என்றால் வீடு. அந்த நாட்டுக்காரரைக் குறிக்கும் 'புர்கினாபே' என்ற சொல்லில் வரும் 'பே', மூன்றாவதாக ஃபுலா மொழியிலிருந்து வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான்.

1987-ல் சங்கராவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் அவர் செய்ததில் பலவற்றை மாற்றினார்கள். பெயரில் மட்டும் கை வைக்கவில்லை.

"ஆக, தலை நிமிர்ந்தவங்களோட அப்பன் வீடு. எழுதிக்க."

"பர்மாவும் பேரு மாத்தினதுதானே சித்தப்பா?"

"ஆமா, 1989-ல. ராணுவ அரசாங்கம் மியான்மர்னு ஆக்குச்சு. ஆனா அவங்க மொழியில ரெண்டும் ஒண்ணுதான். எழுதுறப்போ 'மியன்மா', பேசுறப்போ 'பமா'. நாம 'வந்தார்கள்'னு எழுதிட்டு 'வந்தாக'ன்னு பேசுறோம்ல, அப்படித்தான்."

"அப்ப இது மியான்மர் தேக்கா?" என்று தூணைக் காட்டினான்.

தூணில் சாய்ந்திருந்த அப்பத்தா சிரித்துவிட்டார். வயது தொண்ணூறைத் தாண்டியாச்சு. காது மட்டும் கூர்மை. "பர்மாத் தேக்குன்னாத்தான்யா இது நிக்கும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊருக்கு என்னமோ அப்பன் வீடுன்னியே, இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"எங்க அப்பச்சி ரங்கூன்ல கடை வச்சிருந்தாக. ஜப்பான்காரன் வந்த வருஷம் காட்டு வழியா நடந்தே வந்து சேந்தாக. போட்ட பணம் அங்கேயே போச்சு. கடனுக்கு வீட்டைக் குடுத்தாச்சு. மொதல்ல தூண், அப்புறம் கதவு, அப்புறம் மனை. இப்ப அங்கே கல்யாண மண்டபம். கூப்பிட்டாப் போகத்தானே வேணும்? போவேன். வாசலைத் தாண்டுற வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிடுவேன்."

1942-ல் பர்மாவிலிருந்து அப்படி நடந்து வந்தவர்கள் லட்சக்கணக்கில் என்று படித்திருக்கிறேன். அப்பத்தாவின் அப்பா அதில் ஒருவர் என்பது, இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஜமக்காளத்தில் பேச்சு நின்றிருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியாபாரியின் விலைப் பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பொங்கலுக்கு எல்லாரும் வருவீகள்ல, அப்பப் பேசிக்குவோம்."

அரை மனசாகத் தலையாட்டியவர்களும் உண்டு. ஓடு மாற்ற வேண்டும், மழை ஒழுகுகிறது, பணம் வேண்டும். எல்லாம் நிஜம்தான். பொங்கலுக்கு என்ன முடிவாகுமோ தெரியாது.

கிளம்பும்போது பையனிடம், "பரீட்சையில மியான்மர்னே எழுது, இல்லேன்னா மார்க் போயிரும்" என்றேன்.

"எழுதுறது வேற, பேசுறது வேற. நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

பையன் பாஸாகிவிடுவான்!