ஆட்டத்தைக் கெடுக்கும் ஆசாமி!

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் மிஷின் சத்தம் அடங்கியிருக்கிறது. சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கியவர்கள் காலையில் துணி துவைத்தாயிற்று. கறி எடுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டும் ஆயிற்று. அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், வீரபாண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் லைன் வீடுகள் உண்டு. அப்படி ஒரு லைன் வீட்டு வாசலை எண்ணிப் பாருங்கள். பாயை விரித்து ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓவர்லாக் டெய்லர் தேனிக்காரர். செக்கிங் செய்கிறவருக்குத் தர்மபுரி. கட்டிங் மாஸ்டருக்குத் தாராபுரம் பக்கம். கைமடிப் பையன் நேற்று வந்தவன். சாக்பீஸால் கட்டம் போட்டாயிற்று. தாயக்கட்டை உருளுகிறது.

அரை மணி நேரம் ஆட்டம் அமர்க்களமாக நடக்கிறது. அப்புறம்தான் வினை ஆரம்பமாகிறது.

"அது தாயமே இல்லை! கட்டை பாயிலே தட்டிப் புரண்டுடுச்சு!" என்கிறார் ஒருவர். தம் காய் வெட்டுப்பட்டால், "நான் ஆட்டத்தையே கவனிக்கலையே, எப்படி வெட்டுவே?" என்கிறார். அடுத்தவர் யோசித்துக் கொண்டிருக்கும்போதே, "இதை வை" என்று அவருடைய காயைத் தாமே நகர்த்திவிடுகிறார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டதோ, காலை நீட்டுகிற சாக்கில் கட்டத்தையே கலைத்துவிடுகிறார்!

இதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: அழுகுணி ஆட்டம். ஒரு குற்றத்துக்கு மொழியில் தனிப் பெயரே இருக்கிறதென்றால், அது எவ்வளவு பழைய குற்றமாக இருக்க வேண்டும்!

சாதாரண விஷயமா?

"விளையாட்டுத்தானே, இதில் என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. திருப்பூரில் வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்டு ஓடுகிறது. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவது. அவசர ஆர்டர் வந்துவிட்டால் ஞாயிறும் பாதி நாள் போய்விடும். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இங்கே அத்தை மாமன் கிடையாது. ஊர்த் திண்ணை கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டம்தான் உறவு. ஒரு பேர்வழி அதைக் கெடுத்தால் அடுத்த வாரம் நாலு பேர் வருவார்கள். அதற்கடுத்த வாரம் இரண்டு பேர். பிறகு ஆளுக்கொரு செல்போனைப் பார்த்தபடி சுவரோரம் படுத்துக் கிடப்பார்கள்.

கெடுத்தவருக்கும் லாபம் இல்லை. அந்த ஊரில் அவருக்கு இருந்ததும் அந்த ஐந்து பேர்தான்.

சீட்டாட்டம், காசு வைத்து ஆடும் ஆட்டம் ஆகியவை வேறு ரகம். அங்கே தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். இங்கே பேசுவது காசில்லாத ஆட்டங்களைப் பற்றி. அதிலும் வேஷம் உள்ள ஆட்டங்களைப் பற்றி.

வேஷமா என்று திகைக்க வேண்டாம். 3 புலியும் 15 ஆடும் வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவர் புலி, மற்றவர் ஆட்டு மந்தை. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டெழுதி மடித்துப் போடுகிறோமே, அதுவும் வேஷம்தான். திருடன் சீட்டு வந்தவன் முகத்தை எவ்வளவு சாதுவாக வைத்துக் கொள்கிறான்! அந்த ஆட்டத்தைக் கெடுப்பது வெகு சுலபம். சீட்டின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டால் போதும்.

அமெரிக்காவில் வந்த நீல மின்னல்

இந்த வேஷ ஆட்டத்தை மேஜைமேல் பெரிய அளவில் நடத்தியவர்கள் அமெரிக்கர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1000 பிரதிதான். இன்று உலகமெங்கும் ஆடுகிறார்கள். நம் நாட்டு நகரங்களிலும் இளைஞர்கள் கோஷ்டி கோஷ்டியாக உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். 20 முகம் கொண்ட பகடையை உருட்டி, நினைத்தது பலித்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். ஜெயிப்பவர், தோற்பவர் என்று இதில் யாரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒரே கதை வாரக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூடப் போகும்.

ஜெயிப்பு தோல்வி இல்லாத ஆட்டத்தில் தகராறு வராது என்று நினைத்தால் ஏமாந்தோம்! இங்கே வருகிற அழுகுணி இன்னும் கெட்டிக்காரர். மற்றவர் பேச வாய் திறக்கும் முன்பே, "நான் கதவை உடைக்கிறேன்!" என்பார். தூங்கும் தோழனின் பையிலிருந்து பொன்னைத் திருடுவார். ஏனய்யா என்று கேட்டால் பதில் தயார்: "என் வேஷம் திருடன். திருடன் திருடத்தானே செய்வான்?"

பதில் நியாயம்போல் தோன்றும். ஆனால், ராமாயண நாடகத்தில் ராவணன் வேஷக்காரர் சீதையைத் தூக்கிப் போகலாம். பத்துத் தலையையும் ஆட்டிக் கர்ஜிக்கலாம். கடைசிக் காட்சியில், "ராவணன் சுத்த வீரன், நான் விழமாட்டேன்" என்று அடம்பிடித்தால்? திரை விழுவது எப்போது? ஜனங்கள் வீட்டுக்குப் போவது எப்போது? வேஷம் எதுவானாலும், அதைப் போட்டிருக்கிற ஆள் கூட இருக்கிறவர்களை மறக்கக் கூடாது.

கைகாக்ஸ் 1979-ல் கதை நடத்துபவர்களுக்கென்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் ரகளை செய்பவரை அடக்கவும் உபாயம் சொல்லியிருக்கிறார். வானத்திலிருந்து நீல மின்னல் இறங்கி அந்த ஆசாமியின் வேஷத்தைத் தாக்கட்டும். அந்த வேஷத்தின் வசீகரத்தில் ஒரு புள்ளி நிரந்தரமாகக் குறையட்டும். எதற்கும் மசியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அழைக்காதீர்கள் என்றார்.

கடைசி யோசனை சரி. முதல் யோசனை வேடிக்கையானது, ஆனால் பலிக்காது. மனிதன் செய்த விஷமத்துக்கு வேஷத்தைத் தண்டிப்பதா? மின்னல் விழுந்தால் அந்த ஆசாமி சும்மா இருப்பாரா? "கதை நடத்துபவர் என்னைக் குறிவைக்கிறார்" என்று இன்னும் இரண்டு மடங்கு துள்ளுவார். எல்லோர் கவனமும் தம்மீது விழ வேண்டும் என்பதற்காகத்தானே அவர் ஆரம்பித்தார்? மின்னல் அதைக் கொடுத்துவிட்டது!

விடிவதற்குள் கல்யாணம்

நமக்கு இது புதுப் பிரச்சினை அல்ல. ஒத்திகை இல்லாமல் கூடி வேஷம் கட்டும் ஆட்டம் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அதுதான் ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பார்த்திருக்கலாம். நடிகர்களைத் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர். ஸ்திரீபார்ட் வேறு ஊர். அன்றிரவுதான் மேடையில் சந்திப்பு. 'வள்ளி திருமண'த்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வந்தால், கேள்வியும் பதிலும் அந்த நேரத்து மூளையில் பிறப்பவை. எதிராளியை மடக்க வேண்டும் என்ற வெறி ஒருவருக்கு ஏறிவிட்டால் தர்க்கம் முடியாது. விடிவதற்குள் முருகன் வள்ளியைக் கைப்பிடித்தாக வேண்டுமே! மேடையோரம் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரின் சாமர்த்தியம் இங்கேதான். சரியான இடத்தில் ஒரு மெட்டை எடுத்தாரானால் அடுத்த பாட்டு வந்துவிடும். யாரும் யாரையும் திட்டவில்லை. கதை நகர்ந்துவிட்டது!

எல்லா இடத்திலும் மெட்டு போதவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நடிகர்கள் பலர் பாடத்தை விட்டு விலகினார்கள், ஒத்திகைக்கு வணங்கவில்லை, மேடையிலேயே ஒருவரையொருவர் மட்டம் தட்டினார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1918-ல் மதுரையில் சுவாமிகள் முழுக்கச் சிறுவர்களைக் கொண்டே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகம் பயின்றது அங்கேதான். பெரியவர்களைத் திருத்துவதைவிடச் சிறுவர்களைப் பழக்குவது சுலபம் என்பது கணக்கு. கணக்கு ஒரு வகையில் பலித்தது; எத்தனையோ பெரிய நடிகர்கள் பால சபைகளிலிருந்து வந்தார்கள். ஆனால் அந்த ஒழுங்கில் பிரம்புக்கும் பங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தாயத்துக்குப் பிரம்பு எடுக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடத்தை மீறுகிறவரெல்லாம் ஆட்டத்தைக் கெடுப்பவர் ஆகிவிடமாட்டார். எம். ஆர். ராதா மேடையில் எழுதிக் கொடுத்ததோடு நின்றாரா? அன்றாடச் செய்தியையெல்லாம் நாடகத்துக்குள் இழுத்துப் போட்டார். அதைக் கேட்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்! ஆகவே, விதியை மீறினாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுத்தவர் முறையைத் தின்றாரா என்று பார்க்க வேண்டும். சிரிக்க வைக்கிறவரை விரட்டிவிட்டு, விதிப்படி மௌனமாக ஆடுகிற ஐந்து பேர் எதற்கு?

டீ டயத்தில் ஒரு வார்த்தை

சரி, அந்த லைன் வீட்டு ஆசாமியை என்ன செய்வது? பதில் பனியன் கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது.

பவர் டேபிளில் வரிசையாக மிஷின்கள். ஒருவர் தோளைச் சேர்ப்பார். அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார். இன்னொருவர் கை ஏற்றுவார். பேட்லாக்காரர் அடி மடிப்பார். நடுவில் ஒருவர் முரண்டினால் அவருக்கு முன்னால் துணி குவியும். அவருக்குப் பின்னால் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பீஸ் ரேட்டில் அது கூலி நஷ்டம். ஆனால் விவரமுள்ள மூத்த டெய்லர், மிஷின் ஓடும்போது கத்தமாட்டார். அந்த இரைச்சலில் கத்தினால் வரிசை முழுவதற்கும் கேட்க வேண்டியிருக்கும்; நாலு பேர் முன்னால் ஒருவனுக்கு மானம் போனால் அவன் இன்னும் முறுக்கிக் கொள்வான். டீ டயம் வரட்டும் என்று இருப்பார். கிளாசைக் கையில் கொடுத்துத் தனியே அழைத்துப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கும் அந்த வழியே வழி.

"ஏன் தம்பி, போன வாரம் அந்தப் பையன் காயை மூணு தடவை நீயே நகர்த்திப் போட்டுட்டே. இந்த வாரம் அவன் வரலை, பாத்தியா?"

"ஒத்தாசைக்குத்தானுங்ணா செஞ்சேன். அவனுக்கு ஆடத் தெரியலை."

"ஒத்தாசைதான். இல்லேங்கலே. ஆனா அவனைத் தோக்கறதுக்கும் விடோணுமில்ல?"

பாருங்கள், பேச்சு எவ்வளவு சின்னது! நடந்த ஒன்றை மட்டும் சொன்னார். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்திருந்தால் ஆறு மாதப் பழங்கணக்கு எல்லாம் கிளம்பியிருக்கும். அவர் கேட்ட பதிலும் முக்கியம். கெடுக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் கெடுப்பதே தெரியாது. ஒருவர் உதவுவதாக நினைக்கிறார். இன்னொருவருக்கு வாரமெல்லாம் சூப்பர்வைசரிடம் வாங்கிய ஏச்சு நெஞ்சில் நிற்கிறது. இங்கேயாவது தம் சொல் எடுபட வேண்டும் என்று பார்க்கிறார். மற்றொருவருக்கு ஆட்டமே பிடிக்கவில்லை. தனியாக இருக்கப் பிடிக்காமல் வருகிறார். அவருக்குக் காய் எதற்கு? கணக்கு எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதுவார்.

ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக் கொள்வதும் நல்லது. கட்டை பாயை விட்டு வெளியே போனால் செல்லுமா, செல்லாதா? போன் வந்தால் முறை என்ன ஆகும்? கேலி எதுவரை? வேஷ ஆட்டக்காரர்கள் இப்போதெல்லாம் முதல் கூட்டத்தை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். சில கோஷ்டிகளில் மேஜை நடுவே பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை இருக்கும். கதை யாருக்காவது மனம் நோகும்படி போனால் அவர் அந்த அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் கண்ட உபாயம் இது. நம் தெருப் பிள்ளைகள் கட்டை விரலைத் தூக்கி "அம்பேல்!" என்று கத்தினால் துரத்துகிறவன் நிற்கிறானே, அந்தச் சங்கதிதான்!

பிள்ளைகளிடம் இன்னோர் உபாயமும் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. சிறுவன் அழுகிறானா? சேர்த்துக்கொள், அவன் அவுட்டானால் கணக்கில்லை. சிறுவனுக்கு அது கருணை. முப்பது வயது டெய்லரை அவருக்குத் தெரியாமல் சப்பாணி ஆக்கினால் அது அவமானம்.

எவ்வளவு சொல்லியும் அடங்காதவர் உண்டு. பெண்களைக் கேவலமாகப் பேசுகிறவர், ஊர் பேர் சொல்லிப் பழிக்கிறவர் உண்டு. இவர்களுக்குத் தவணை தர வேண்டியதில்லை. சபையில் பகடை உருண்டபோது பீஷ்மரும் துரோணரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது போதும். ஒருவர் நேரில் போய், "இனிமே இந்த ஆட்டத்துக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். பலரும் செய்வது வேறு. சொல்லாமல் இடத்தை மாற்றுகிறார்கள். அடுத்த சந்தில் கூடுகிறார்கள். லைன் வீட்டில் இது எத்தனை நாள் மறையும்? ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள்! தாயக்கட்டை உருளும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கும்போது, உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பவர் என்ன நினைப்பார்? ஆட்டம் வேண்டாம் என்று நேரில் சொன்னவர், திங்கட்கிழமை காலை அதே ஆளோடு கம்பெனிக்கு நடந்து போகலாம். ஒளிந்து ஆடியவரால் முடியாது.

தாராபுரத்து மாஸ்டரோடு டீ குடித்தவர் அடுத்த ஞாயிறு வருவாரா? வரலாம், வராமலும் போகலாம். வந்தால், கைமடிப் பையன் காயை எடுத்து யோசிக்கும்போது அவர் கை பரபரக்கும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது, ஒரு மணி நேரம் ஓவர்லாக் மிஷின் ஓட்டுவதைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கும்.