காஞ்சியின் மாவும் குயிலும்: கனியுண்ணும் பறவையொன்றின் வாழ்வியல்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. ஒற்றை மாமரத்தைக் குறிக்கும் ‘ஏகாம்ரம்’ என்னும் சொல்லே இறைவன் பெயருக்கு அடியென்பர். மாவையும் குயிலையும் இணைத்தே பேசுவது இலக்கிய மரபு. மாந்தளிரைக் கோதுவதால் குயிலின் குரல் இனிக்கிறது என்பது அம்மரபின் கருத்து. பறவையியல் தரும் விடை வேறு. குயில் மரத்தை நாடுவது பெரிதும் கனிக்காகவே.

குயில் குடும்பத்துப் பறவைகள் பல கம்பளிப்புழுக்களையும் பூச்சிகளையும் உண்பவை. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டு விளக்கிய நம் குயில் (யூடைனமிஸ் ஸ்கோலொபேசியஸ்) இதனின்றும் விலகி நிற்கிறது. வளர்ந்த குயிலுக்கு ஆல், அரசு, அத்தி முதலியவற்றின் பழங்களே முதன்மை உணவு. பூச்சியும் பிற பறவைகளின் முட்டையும் இடையிடையே சேரும். பூசைக்கு மலர் தரும் பொன்னரளியின் பழம் மனிதருக்கும் கால்நடைக்கும் நஞ்சு; குயில் அதனையும் உண்கிறது.

குஞ்சின் நிலையோ வேறு. குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. பிறரால் வளர்க்கப்பட்டது என்னும் பொருளில் வடமொழியார் இதனைப் ‘பரபிருதம்’ என்றதால், இச்செய்தியை முன்னோர் நன்கறிந்திருந்தமை தெளிவு. ஆண் குயில் காகங்களின் கவனத்தைத் திருப்ப, பெண் விரைந்து முட்டையிடும். அம்முட்டை காக முட்டையினும் சிறியது; நிறத்தாலும் புள்ளிகளாலும் அதனை ஒத்தது. ஏறத்தாழ 13, 14 நாளில், காக முட்டைகளுக்கு முன்பே, அது பொரிந்துவிடுகிறது. ஐரோப்பியக் குயிற்குஞ்சு வளர்ப்புத்தாயின் முட்டைகளைக் கூட்டினின்றும் வெளியே தள்ளும். நம் குயிற்குஞ்சுக்கு அவ்வழக்கமில்லை. ஆயினும் முந்திப் பிறந்ததன் பயனாக இரையில் பெரும்பங்கு அதற்கே கிட்ட, காகக் குஞ்சுகள் மெலிந்து மடிவதுண்டு.

மரபு பிழைபட்ட இடம் ஒன்றுண்டு. கவிதை பாடுவோளாகக் காட்டும் குயில் உண்மையில் ஆண். கரிய உடலும் சிவந்த கண்ணும் உடையது. பழுப்பு மேனியில் வெண்புள்ளி கொண்ட பெண்ணை வேற்றினம் என எண்ணுவோர் இன்றும் பலர். அதன் குரலும் ‘கிக்-கிக்’ என்னும் கூர்த்த ஒலியே.

ஆகவே காஞ்சி போன்ற கோயில் நகரில் குயில் வாழ இரண்டு வேண்டும்: கனி தரும் முதுமரங்களும், தெருவின் எச்சில் உணவை நம்பிய காகங்களும். சோறும் புழுவும் இறைச்சித் துணுக்கும் ஊட்டப்பெற்று வளரும் குஞ்சு, கூடு நீங்கிய பின்னும் சில காலம் காகத்தையே தொடர்ந்து வாய் திறந்து இரை கேட்கிறது.